வீட்டுக்கல்வி தொடங்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு: முதலில் கோப்பு, அப்புறம் பாடம்

எங்கள் மூத்தவனை 2016 மே மாதம், மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். அப்போது அவனுக்கு எட்டு வயது. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 2023இல் பத்தாம் வகுப்பும் 2025இல் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்குப் போனான். சின்னவள் பள்ளிக்கே போனதில்லை. இப்போது எட்டாம் வகுப்புப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

பிள்ளையை வேதத்தின்படி வளர்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா?" என்பதைத்தான். இந்த ஒன்பது வருடங்களில் எங்கள் வீட்டின் சமாதானத்தைக் கெடுத்தது கணக்கோ அறிவியலோ இல்லை, காகிதம். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் திரும்பி வந்த நாளெல்லாம் அந்தப் பதற்றம் பிள்ளையின் மேல்தான் இறங்கியது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் ஆவணங்களைப் பற்றியே இருக்கும்.

1. ஏன் என்பதை இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள்

கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து அரைப்பக்கம் எழுதுங்கள், போதும். பள்ளியின் மேலுள்ள கோபம் மட்டும் காரணமாக இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள். கோபம் ஆறிவிடும், அப்புறம் தினமும் பாடம் சொல்லித்தர ஆள் இருக்காது. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா, பிள்ளையோடு பகலில் யார் இருப்பது, தாத்தா பாட்டிக்கு யார் பதில் சொல்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் மாமியார் இரண்டு வருடம் எங்களோடு இதைப் பற்றிப் பேசவே இல்லை. என் கணவர் அவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசித்தான் அது மாறியது. அது மருமகள் செய்யக்கூடிய வேலை இல்லை.

2. சட்டம் எங்கே நிற்கிறது

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தும். அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். "முழுக்கச் சட்டப்படியானது, கவலையே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "போலீஸ் வரும்" என்றாலும் பயப்பட வேண்டாம்.

ஆறுதலான ஒரு விஷயமும் அதே சட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கல்வி ஒத்துவரவில்லை என்றால், 14 வயது வரை பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளியில் சேர்க்க 4ஆம் பிரிவு வழி செய்கிறது. திரும்பிப் போகும் கதவு திறந்தே இருக்கிறது.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தார்கள். வாசலில் நிறுத்தி வாதாடாதீர்கள். உள்ளே அழைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். இரண்டாம் முறை வந்த ஆசிரியை சின்னவளிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இதற்காகவே மாதம் ஐந்தாறு பக்கங்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

எச்சரிக்கை: நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து சபைக் கட்டடத்தில் தினமும் வகுப்பு வைத்து, ஆசிரியர் போட்டு, மாதக் கட்டணம் வாங்கினால் அதை அங்கீகாரமில்லாத பள்ளி என்று சொல்லிவிடலாம். 18ஆம் பிரிவின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். அதற்கு மேலும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஆர்வத்தில் ஐயரையும் (சபைப் போதகரைத்தான் அப்படிச் சொல்கிறோம்) சபையையும் இதில் மாட்டிவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் கூடி விளையாடுவதும் பாடுவதும் வேறு, பள்ளி நடத்துவது வேறு.

3. பள்ளியை விட்டு வரும்போது கையில் இருக்க வேண்டியவை

மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண். இந்த மூன்றையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண். டி.சி.யைப் பதிவு செய்த பின் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அது நடந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நடக்கவில்லை என்றால் பின்னால் வேறு பள்ளியில் சேர்க்கும்போது சிக்கல் வரும்.

விண்ணப்பத்தை மார்ச் மாதமே எழுதிக் கொடுங்கள். நாங்கள் மே மாதக் கடைசியில் போய் நின்றோம். அடுத்த ஆண்டின் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். அலைந்து அலைந்து ஜூலையில்தான் கிடைத்தது. எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதினால் போதும். அங்கே விசுவாச அறிக்கை தேவையில்லை.

4. பெயரும் பிறந்த தேதியும்: இதைத் தள்ளிப் போடாதீர்கள்

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பதிவேடே பாதி ஆவணமாகிவிடுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் மட்டும்தான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இதில் ஒரு தனிச் சிக்கல் வருகிறது. மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். அப்புறம் ஞானஸ்நானத்தின்போது தாத்தா பெயரையும் ஒரு வேதாகமப் பெயரையும் சேர்த்து நீளமாகக் கொடுப்போம். ஆதார் எடுக்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயர் போய்விடும். எங்கள் மூத்தவனுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழில் மூன்று சொல் பெயர். ஆதாரில் ஒற்றைப் பெயரும் முன்னெழுத்தும். ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தோம். நாங்கள் போன எந்த அலுவலகமும் அதை ஏற்கவில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திருமண நேரத்தில் சபையில் கேட்பார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில், பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேருங்கள். பதிவு செய்த 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இரண்டாவதாக, அந்தச் சான்றிதழை வைத்து ஆதாரைத் திருத்துங்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகை, கண் பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது இலவசம். மூன்றாவதாக, சாதிச் சான்றிதழ். எல்லாம் முடிய ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அதனால் இளம் பெற்றோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முன்னெழுத்தை விரித்து எழுதுவதா, சுருக்கமாகவா, பெயருக்கு முன்னா பின்னா என்பதையும் இப்போதே முடிவு செய்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி வருகிறதோ அதுதான் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் சின்னவளுக்கு விண்ணப்பித்தபோது, "டி.சி. இல்லாம எப்படிம்மா போடறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பள்ளிக்கே போனதில்லை, டி.சி. எங்கிருந்து வரும்? அப்பாவின் சாதிச் சான்றிதழ், அவருடைய பள்ளி டி.சி., குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு "பிள்ளை பள்ளியில் சேரவில்லை" என்று நாங்களே எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் வைத்து மறுபடி போட்டோம். கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்துப் பேசிய பின் மூன்று வாரத்தில் கிடைத்தது. இதை ஐந்தாறு வயதிலேயே வாங்கிவிடுங்கள்.

5. எந்தச் சான்றிதழ் வழி என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் நடைமுறையில் ஒத்துவருகின்றன.

ஒன்று, மாநிலத் தேர்வுத்துறை நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறினால் 14½ வயதில் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு அதற்கும் முன்பே தனியாகப் பெயர் பதிய வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் மாநிலப் பாடநூலையே முழுக்கப் பின்பற்றும் குடும்பங்களுக்கும் இது நல்ல வழி.

இன்னொன்று, நாங்கள் எடுத்த என்.ஐ.ஓ.எஸ். இது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் திறந்தநிலை வாரியம். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்ற சுய உறுதிமொழி போதும். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள். பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். சின்ன வகுப்புகளுக்கும் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு. நாங்கள் அவற்றை எடுக்கவில்லை, அது இல்லாமலே எந்தத் தடையும் வரவில்லை.

வெளிநாட்டுக் கிறிஸ்தவ நிறுவனங்கள் தபாலில் தரும் டிப்ளமோவை நம்பிப் பிள்ளையைப் பன்னிரண்டு வரை கொண்டுபோகாதீர்கள். கல்லூரியில் சேரும்போது, அந்த வாரியத்தை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் இணையாக ஏற்றிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அரசுப் பெயர் போலவே பெயர் வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் பத்தாம் வகுப்பு என்று விளம்பரம் செய்கிற போலி வாரியங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் என்ற சொல்லைக் கேட்டதுமே விலகிவிடுங்கள்.

எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்கள் பிள்ளைக்குக் கிடையாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமையும் கிடைக்காது. அரசு வேலையை மனதில் வைத்திருக்கும் குடும்பம், அந்தந்த நேரத்து அரசாணைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

6. புத்தகமும் செலவும்

முதல் வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பாடப்பெட்டியை வரவழைத்தோம். தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டியது. படங்கள் அழகு, ஒவ்வொரு பாடத்திலும் வசனம். ஆனால் கணக்கில் டாலரும் அங்குலமும், சமூக அறிவியலில் அவர்கள் நாட்டுக் கதை. மகனுக்குத் தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியவில்லை. டிசம்பரில் அதை மூடி வைத்துவிட்டோம்.

அதன் பின் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகப் புத்தகங்களையும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையும் வைத்துத்தான் நடத்தினோம். இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சில் வாங்கினாலும் மலிவு. நோட்டு, வரைபொருள், நூலக உறுப்பினர் கட்டணம், சின்னச் சின்னச் சோதனைக்கான பொருட்கள், மூத்தவனுக்கு எட்டாவதிலிருந்து கணக்கு டியூஷன் என்று ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள் முடிந்தது.

கிறிஸ்தவக் கல்வி என்பது புத்தகத்தின் அட்டையில் இல்லை, அதைச் சொல்லித்தரும் ஆளிடம் இருக்கிறது. அரசுப் பாடநூலில் ஓர் உயிரினத்தைப் பற்றிப் படிக்கும்போதும் படைத்தவரை வியக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் ஒரு தனிப் பாடம். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். முழுக்கச் சொல்லிக்கொடுங்கள், தேர்வில் எழுதச் சொல்லுங்கள், நம் விசுவாசம் என்ன என்பதையும் திறந்து பேசுங்கள். மறைத்து வைத்ததைக் கல்லூரியில் போய்த் தெரிந்துகொண்டால் மற்றதையும் சந்தேகப்படுவான்.

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சில இடங்கள்: கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு மாதம் ஒருமுறை போகலாம். கால்டுவெல் ஐயர் வாழ்ந்த இடையன்குடியைப் பார்க்க ஒரு நாள் போதும். முடிந்தால் தரங்கம்பாடிக்கு இரண்டு நாள். 1706இல் சீகன்பால்க் வந்து இறங்கிய கடற்கரையையும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தையும் பார்த்த பிறகு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான கதையைச் சின்னவள் தானாகவே நான்கு பக்கம் எழுதினாள். தமிழ்க் கட்டுரைப் பயிற்சி அந்த வாரத்தோடு முடிந்தது.

7. ஒரு நாள் எப்படிப் போகும்

காலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம், பதினைந்து நிமிடம். ஒரு கீர்த்தனை, ஒரு சின்னப் பகுதி, பிள்ளைகளின் ஜெபம். ஒன்பது மணிக்குப் பாடம். ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் இரண்டு மணி நேரம் தாராளம். ஐந்தாவது வரை மூன்றரை மணி நேரம். எட்டாவதுக்கு மேல் ஐந்து மணி நேரம். இதற்கு மேல் போனால் பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். 2018இல் ஒரு காலை. மூத்தவன் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனத்தை மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லில் திரும்பத் திரும்பத் தடுக்கினான். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டே, "முழுசா சொல்லிட்டு உக்காரு, அப்புறம்தான் தோசை" என்றேன். நான்காவது முறையும் தடுக்கினான். கல்லில் இருந்த தோசை கருகிப் புகைந்தது. அவன் மெதுவாக, "நான் தப்பா சொன்னா இயேசப்பாவுக்குக் கோபம் வருமாம்மா?" என்று கேட்டான். அதற்கு முந்தின நாள்தான் அவனுடைய ஆதார் திருத்தம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. என் கோபம் அந்த அலுவலகத்தின் மேல். அவன் அதைக் கர்த்தருடைய கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுப்பை அணைத்துவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வசனத்தைத் தண்டனையாகவும் வைப்பதில்லை, கூலியாகவும் வைப்பதில்லை. வேதாகமத்துக்கு மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. உபாகமம் 6:7 பிள்ளைகளுக்கு எப்போது போதிக்கச் சொல்கிறது என்று பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. இந்த நான்கில் ஒன்றுகூடப் பாட நேரம் இல்லை. நாங்கள் வசனத்தை மாலையில் நடந்துபோகும்போது ராகம் போட்டுப் பாடிப் பழகினோம். தடுக்கினால் சிரித்துக்கொண்டே மறுபடி பாடலாம்.

பிள்ளைகள் கடினமான கேள்விகள் கேட்பார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி கோயிலுக்குப் போகிறவர்கள், மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு இரவு என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள். "ஆச்சி நம்மள மாதிரி ஜெபம் பண்ண மாட்டாங்களே, அவங்க எங்கம்மா போவாங்க?" என்று கேட்டான். அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், தெரியாததைத் தெரியாது என்றேன். எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) ஐயரிடம் அழைத்துப் போனேன். அவர் அவனோடு ஒரு மணி நேரம் பேசினார், இருவரும் ஆச்சிக்காக ஜெபித்தார்கள். பிள்ளையின் கேள்வியை அவிசுவாசம் என்று அடக்கிவிட்டால் அடுத்த கேள்வியை அவன் உங்களிடம் கொண்டுவரவே மாட்டான். பிள்ளைகளைக் கோபமூட்டித் திடனற்றுப்போகச் செய்யாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 அப்பாக்களுக்குத்தான் சொல்கிறது. வீட்டுக்கல்வி நடத்தும் அம்மாக்களும் அதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். சனிக்கிழமை முழுவதும் பிள்ளைகள் அப்பாவின் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

8. கூட்டாளிகள்

ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி ஆகியவை இருக்கவே இருக்கின்றன. அதோடு நிறுத்திவிடாதீர்கள். சபைக்கு வெளியே, எல்லாப் பிள்ளைகளும் வரும் ஓர் இடத்துக்கும் அனுப்புங்கள். மூத்தவன் கால்பந்துக்கும் சின்னவள் நீச்சலுக்கும் போனார்கள். எல்லோரோடும் பழகத் தெரியாத பிள்ளைக்குப் பிறனை நேசி என்று சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

9. பத்தாம் வகுப்புப் பதிவு: என்.ஐ.ஓ.எஸ்.

பிள்ளைக்கு 13 வயதாகும்போதே அந்த ஆண்டின் விவரக்குறிப்பை இறக்கி முழுக்க வாசியுங்கள். தேதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும். எந்தத் தேதியில் 14 நிறைந்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

பதிவு வருடத்துக்கு இரண்டு முறை. மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஜூலை வரை பதிகிறவர்கள் அடுத்த வருடம் ஏப்ரல்-மே தேர்வு எழுதலாம். செப்டம்பர் முதல் ஜனவரி வரை பதிகிறவர்களுக்கு அக்டோபர்-நவம்பர் தேர்வு. கல்லூரியை நினைத்தால் ஏப்ரல் தேர்வுதான் வசதி. ஐந்து பாடங்களுக்கான சேர்க்கைக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், பெண் பிள்ளைகளுக்குக் குறைவு.

தேவையானவை: புகைப்படம், பிள்ளையின் கையெழுத்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிச் சான்று, சாதிச் சான்றிதழ், எட்டாம் வகுப்புச் சான்று அல்லது சுய உறுதிமொழி. கையெழுத்தை இரண்டு மாதம் முன்பே பழக்குங்கள். என் மகன் படிவத்தில் ஒரு மாதிரியும் தேர்வறையில் ஒரு மாதிரியும் போட்டுக் கண்காணிப்பாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் நிரப்புங்கள், ஒரு மணி நேர வேலை. ஒரு முகவர் எங்களிடம் "பாஸ் பண்ணி வைக்கிறது எங்க பொறுப்பு" என்று சொல்லி 25,000 ரூபாய் கேட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு உண்மையைக் கற்றுக்கொடுக்க வீட்டில் வைத்திருக்கிறோம், அவன் முதல் சான்றிதழிலேயே பொய்யைக் கலக்கலாமா?

பாடத் தேர்வு: குறைந்தது ஐந்து, அதிகம் ஏழு. ஒரு மொழியாவது கட்டாயம், இரண்டு மொழி வரை எடுக்கலாம். தமிழ்ப் பாடம் உண்டு, அதன் குறியீடு 237. கட்டாயம் எடுங்கள். தாய்மொழி என்பது ஒரு காரணம். பத்தாம் வகுப்பில் தமிழ் படித்திருப்பது மாநில அரசு வேலைக்கான தமிழறிவுக்குச் சான்றாவது இன்னொரு காரணம். கல்லூரியில் அறிவியல் படிக்க நினைத்தால் தமிழோடு ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று வழக்கமான ஐந்தையே எடுங்கள்.

கல்வி மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வாரயிறுதி வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா, செய்முறைக்கு ஆய்வகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அறிவியலுக்கு மட்டுமல்ல, கணிதத்துக்கும் செய்முறை உண்டு. செய்முறையிலும் எழுத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும், தேர்ச்சிக்கு 33 சதவீதம். இதைத் தவிர ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்புகள் எழுதித் தர வேண்டும். அவற்றுக்கு 20 சதவீத மதிப்பு. தேதி தவறினால் அந்த மதிப்பெண் போய்விடும்.

எல்லோரும் விழும் குழி: சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. சேர்ந்த பின் சில மாதம் கழித்து, பாடத்துக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். ஏப்ரல் தேர்வுக்கு அது குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் வேலைகளுக்கு நடுவில் வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைக் கட்ட மறந்து, பிள்ளை தயாராக இருந்தும் ஆறு மாதம் காத்திருந்தது. நவம்பரிலிருந்தே வாரம் ஒருமுறை இணையதளத்தைப் பாருங்கள்.

தேர்வு மையம் சில சமயம் தூரத்தில் விழும். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பழகாத பிள்ளைக்கு அதுவே பெரிய சோதனை. தேர்வுக்கு முந்தின மூன்று மாதம், வாரம் ஒரு மாதிரித் தேர்வை நூலகத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

10. பன்னிரண்டும் கல்லூரியும்

பன்னிரண்டாம் வகுப்புக்கும் முறை கிட்டத்தட்ட இதுவேதான். ஒரே வித்தியாசம், பத்தாம் வகுப்பு முடித்து இரண்டு வருடம் ஆகாமல் ஐந்து பாடத்தையும் எழுதி முடிக்க முடியாது. பிள்ளை வேகமாகப் படிக்கிறான் என்று ஒரே வருடத்தில் முடிக்கக் கணக்குப் போடாதீர்கள்.

பொறியியல் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல். திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை நீட் தேர்விலிருந்து விலக்கிய விதியை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலை வாரியத்தில் உயிரியலோடு படித்தவர்கள் இப்போது எழுதலாம். என்.ஐ.ஓ.எஸ். மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழையும் தருகிறது. கல்லூரியில் டி.சி. கேட்டால் அதைக் கொடுங்கள், பழைய மூன்றாம் வகுப்பு டி.சி.யைத் தேட வேண்டாம்.

கலந்தாய்வில் நாங்கள் தடுமாறிய இடம் ஒன்றே ஒன்று. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்ததைக் காட்ட முடியாதவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டும். எல்லோரும் நேட்டிவிட்டி என்பார்கள். பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றாலும், பள்ளிப் பதிவு இல்லாததால் அவனுக்கும் அது வேண்டும். பதிவேற்றக் கடைசி நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. தாத்தாவின் வீட்டு வரி ரசீது, அப்பாவின் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் என்று மாறி மாறி அலைந்து, கடைசி நாளுக்கு முந்தின மாலை நான்கு மணிக்குக் கைக்கு வந்தது.

சின்னவளுக்கு அதை இந்த வருடமே வாங்கிவிட்டோம். அவளுடைய கோப்பில் பிறப்புச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அடுத்து மூன்றாவது உறையில் இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். பதிவுக்கு அவளுக்கு அடுத்த வருடம் வயதாகிவிடும். இப்போதே கையெழுத்து பழகிக்கொண்டிருக்கிறாள்.